குடத்தோடு வந்தவர்கள்

நர்ஸுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள் எல்லாரும் கையில் ஒரு குடம் தண்ணீரோடு வந்தார்கள்.

வந்ததும் சுவரோரம் குடத்தை வைப்பார்கள். சீட்டு எழுதிக்கொண்டு, தங்கள் முறை வந்ததும் உள்ளே போய் வயிற்றைக் காட்டுவார்கள், அல்லது குழந்தையைக் காட்டுவார்கள். கை கழுவ, துணி அலச, மாத்திரை விழுங்க எல்லாவற்றுக்கும் அந்தக் குடம்தான். மிச்சத்தை நர்ஸின் வாளியில் ஊற்றிவிட்டு, "உங்களுக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

குடம் எதற்கு என்பதில் மர்மம் இல்லை. குழாயில் தண்ணீர் வராது, அதனால் குடம். அதை ஏன் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

குழாயில் தண்ணீர் வராததற்குக் காரணம் சின்னது. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கிணறு, அதன் மேல் ஒரு மோட்டார், மோட்டாரிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் ஒரு குழாய். அந்தக் குழாயின் அடியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கும். தண்ணீரை மேலே ஏற விடும், கீழே இறங்க விடாது. மோட்டாரை நிறுத்தினால் வால்வின் மூடி விழுந்து அடைத்துக்கொள்ளும். குழாய் நிறையத் தண்ணீர் அப்படியே நிற்கும். மறுநாள் மோட்டார் போட்டதும் நிற்கிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அடுத்த தண்ணீர் மேலே வரும். மூடியின் இடுக்கில் ஒரு சிட்டிகை மணல் சிக்கினால் போதும், மூடி சரியாக உட்காராது. ராத்திரியோடு தண்ணீர் முழுதும் கீழே இறங்கிவிடும். காலையில் மோட்டார் வெறும் காற்றில் சுற்றும். சத்தம் என்னவோ ஜோராக வரும், தண்ணீர் வராது.

குழாயை வெளியே தூக்கி, மூடியைக் கழுவி, மறுபடி இறக்கி, தண்ணீர் ஊற்றி நிரப்பி ஓட்டினால் சரியாகிவிடும். அரை நாள் வேலை. ஆனால் குழாய் கனமானது. ஆள் வேண்டும், வண்டி வேண்டும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கமும் ஒரு சுகாதார நிலையம் உண்டு. அதே வரைபடம், அதே ஒப்பந்தக்காரர், அதே மோட்டார், அதே மணல் கிணறு. அங்கேயும் வால்வில் மணல் சிக்கும். சிக்கிய மறுநாளே சரியாகிவிடும். இங்கே வாரக்கணக்கில் கிடக்கும்.

குடிநீர் அலுவலகத்தின் ஃபிட்டர், அதாவது இந்த வால்வுகளைக் கழற்றி மாட்டுகிறவன், நர்ஸின் புருஷன்தான். அவர்கள் வீடு அக்கரையில். ராத்திரிச் சாப்பாட்டில் இந்தப் பேச்சு வராத நாள் குறைவு.

"ஃபிட்டர் பொண்டாட்டி வேலை பாக்குற இடத்துல குழாய் காயுது. வெளியில தெரிஞ்சா வாயால சிரிக்க மாட்டாங்க."

"நான் என்ன பண்ண? என்ஜினீயர் எங்க போகச் சொல்றாரோ அங்கதான் வண்டி போகும். உனக்காகப் பைப்பைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பாலத்துல நடந்து வரவா?"

"லெட்டர் போட்டேனே."

"போட்ட. ட்ரேயில இருக்கு. ரொம்பப் பத்திரமா இருக்கு."

அவன் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அலுவலகத்தில் ஒரே வண்டி, ஒரே கூட்டம் ஆட்கள். காலையில் வேலைகள் குவிந்து கிடக்கும். என்ஜினீயர் கெட்டவர் இல்லை. எங்கே வண்டி அனுப்பாவிட்டால் தன்னால் நிம்மதியாக டீ குடிக்க முடியாதோ, அங்கே முதலில் அனுப்புவார். அக்கரைக் குழாய் நின்றால் அவர் பையை ஆணியில் மாட்டுவதற்குள் மைக் அக்கா வந்து நிற்பாள்.

மைக் அக்கா அக்கரையில் காய்கறி விற்கிறவள். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. அவள் பேசினால் பாலத்தின் இந்த முனைக்குக் கேட்கும். கூடவே அவள் தெருவும் வரும். "எங்க ஆஸ்பத்திரி, எங்க குழாய், நீ யாருய்யா நாளைக்குப் பாக்கலாம்னு சொல்றதுக்கு?" என்பாள். அக்கரைக்காரர்களுக்கு அப்படிக் கேட்பது மூச்சு விடுவது மாதிரி. இந்த மாகாணமே, தனியாக வேண்டும் என்று அவர்களுடைய அப்பா அம்மா ஊர்வலம் போய், அடி வாங்கி, கேட்டு வாங்கியது. அதற்குள் இருக்கும் பள்ளிக்கூடம், ரோடு, குழாய் எல்லாமே அவர்களுக்குச் சொந்த வீட்டுச் சாமான்.

இந்தக் கரை அப்படி இல்லை. முன்பு ஆறுதான் எல்லை. இந்தக் கரை பக்கத்து மாகாணத்தில் இருந்தது. பிறகு மேலே யாரோ உட்கார்ந்து பேசி, எல்லைக்கோட்டை ஆற்றிலிருந்து எடுத்து இந்தக் கரைக்குப் பின்னால் இருக்கும் குன்றுகளின் மேல் போட்டார்கள். ஒரு நாள் காலையில் இவர்கள் எழுந்தபோது வேறு மாகாணத்தில் இருந்தார்கள். ஆனாலும் மாகாணம் ஓரவஞ்சனை செய்யவில்லை. அக்கரைக்கு உள்ளதெல்லாம் இக்கரைக்கும் உண்டு என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தது. சுகாதார நிலையமும் அப்படி வந்ததுதான்.

ஒருவேளை இவர்கள் சுபாவமே சாதுவோ என்று நர்ஸ் முதலில் நினைத்தாள். அந்த நினைப்பைத் தையல்காரி ஒரே காலையில் உடைத்துவிட்டாள்.

தையல்காரி இந்தக் கரையில் ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைக்கிறவள். அப்போது அவளுக்கு நாலு மாதம். நிறுத்தத்தில் நிற்காமல் போகப் பார்த்த பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றாள். கண்டக்டர் தலையை நீட்டி, "சாகணும்னு ஆசையா?" என்று கத்தினான்.

"என் வயித்துல புள்ள இருக்கு, உன் வண்டியில பிரேக் இருக்கு. எது பெருசுன்னு பாத்துடலாம், வா!"

பஸ் நின்றது. பாலத்தைத் தாண்டி நடந்து வந்து அதே நிறுத்தத்தில் நின்றிருந்த நர்ஸும் பின்னாலேயே ஏறிக்கொண்டாள். அதே தையல்காரி அரை மணி நேரம் கழித்துச் சுகாதார நிலையத்தில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, காய்ந்த குழாய்க்குப் பக்கத்தில், புது மருமகள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

தையல்காரி வாய் திறக்க வேண்டிய காரணமும் இருந்தது. இரண்டு கரைக்கும் நடுவில் இருப்பது தரைப்பாலம். மழைக்காலத்தில் அதன் மேல் தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. இங்கே பிரசவ அறை இல்லாத காலத்தில், தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தே தையல்காரியின் அக்கா குழந்தையை இழந்தாள். அதற்குப் பிறகுதான் பிரசவ அறை வந்தது. இப்போது அதைத் தூக்கப் போகிறார்கள் என்று பேச்சு. தண்ணீர் இல்லாத இடத்தில் பிரசவம் பார்க்கக் கூடாது என்பது விதி, நல்ல விதிதான். இரண்டு நிலையங்களுக்கும் மேலதிகாரியான பெரிய டாக்டர் மழைக்கு முன்னால் வந்து பார்ப்பார். குழாய் இப்படியே இருந்தால் பிரசவ மேஜையும் விளக்கும் அக்கரைக்குப் போய்விடும். தையல்காரிக்கு நாள் குறித்திருந்தது நட்ட நடு மழையில்.

நர்ஸ் நேராகவே கேட்டாள்.

"எனக்குப் புரியல. கண்டக்டரை அந்தப் பேச்சுப் பேசுற. இங்க தண்ணி இல்லன்னு ஒரு தடவை ஆபீஸுக்குப் போய்க் கேட்டா என்ன?"

தையல்காரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நல்லாவா இருக்கும் சிஸ்டர்? அது அவங்க மாகாணம். நம்மளையும் கூப்பிட்டுச் சேத்துக்கிட்டாங்க. கட்டடம் கட்டிக் குடுத்தாங்க, உங்களை அனுப்பி வச்சாங்க. அதுக்கு மேல இது நொட்டை அது நொள்ளைன்னு சொல்ல முடியுமா? இன்னொருத்தர் வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டா, உப்பு இல்லன்னு இலையைத் தள்ளிட்டு எந்திரிப்போமா?"

"நீயும் இந்த மாகாணம்தானே? உன் கார்டுல பாரு."

"கார்டுல இருக்கு சிஸ்டர்" என்றாள் தையல்காரி, மறுக்காமல்.

ஆக, நோய் என்ன என்று நர்ஸுக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கரையில் எல்லாரும் விருந்தாளிகள். விருந்தாளி குறை சொல்ல மாட்டான். குறை சொல்லாத இடத்துக்கு வண்டி வராது. வண்டி வராவிட்டால், பார்த்தாயா, அவங்க நமக்கு அவ்வளவுதான் செய்வாங்க என்று தோன்றும். விருந்தாளி இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்காருவான். இதற்கு மருந்து என்ன என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. நீ விருந்தாளி இல்லை என்று வாயால் சொல்வதில் பயனில்லை. அதைச் சொல்கிறவர் வீட்டுக்காரராக அல்லவா ஆகிவிடுகிறார்!

அந்தக் கோடையில் ஒரு காற்று அடித்தது. அக்கரைச் சுகாதார நிலையத்தின் கூரையில் பாதி பெயர்ந்து வாசலில் வந்து விழுந்தது. அப்போது உள்ளே ஆள் இல்லை. கூரை போடும் வரை அக்கரைக் குழந்தைகளுக்கும் இக்கரையிலேயே தடுப்பூசி போடும்படி உத்தரவு வந்தது.

தடுப்பூசி நாளன்று அக்கரைப் பெண்கள் பாலத்தைத் தாண்டிக் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி கையிலும் குடம் இல்லை. முன்னால் மைக் அக்கா, இடுப்பில் பேரன். பேரன் வழியில் செய்யக்கூடாததைச் செய்து வைத்திருந்தான். அவள் நேரே குழாயடிக்குப் போய்த் திருகினாள். குழாய் ஒரு தடவை இருமியது.

"என்னடி இது, தண்ணி இல்ல?" என்ற சத்தத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தைகள்கூட ஒரு நொடி நிறுத்தின. "புள்ளத்தாச்சிங்க வர்ற இடத்துல குழாய் காயுது! இங்க மனுஷங்க இருக்கீங்களா, இல்லையா?"

இனி இரண்டு கரையும் ஒன்றாகப் புலம்பும், அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது செய்யலாம் என்று நர்ஸ் எதிர்பார்த்தாள். நடந்தது வேறு. தையல்காரியின் முகம் சிவந்துவிட்டது. சமைக்காத வேளையில் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது இக்கரைப் பெண்கள் எல்லாருக்கும்.

"ஒரு நிமிஷம் இருங்கக்கா. இதோ வந்துடறேன்" என்று தையல்காரி வெளியே ஓடினாள். பத்து வீட்டுக் குடங்கள் வந்தன. பாய் வந்தது. யாரோ டீ போட்டுக் கொண்டுவந்தார்கள். தையல்காரி மைக் அக்காவின் பேரனைக் கழுவி, தைத்து முடித்த கால்சட்டை ஒன்றையும் மாட்டிவிட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. எங்க ஆஸ்பத்திரி எப்பவும் இப்படி இருக்காது."

எப்போதும் அப்படித்தான் இருந்தது. நர்ஸ் தலையைக் குனிந்து அடுத்த குழந்தைக்கு ஊசி போட்டாள்.

அன்று ராத்திரி ஃபிட்டர் சோற்றில் கை வைப்பதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"இன்னைக்கு ஆபீஸ்ல உங்க கரைக் கூட்டம்! முன்னால ஒரு பொம்பள, கழுத்துல டேப்பு தொங்குது. என்ஜினீயர் டீயை எடுக்குறாரு, வைக்கிறாரு, எடுக்குறாரு, வைக்கிறாரு. 'வந்தவங்க முன்னாடி எங்க மானத்தை வாங்கிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?'ங்கறா அந்த அம்மா. நாளைக்கு முதல் வண்டி உனக்குத்தான்."

மறுநாள் குழாயைத் தூக்கினார்கள். வால்வின் மூடியில் ஒட்டியிருந்த மணலை ஃபிட்டர் விரலால் வழித்து மனைவியிடம் காட்டினான். "இவ்வளவுதான். இதுக்குத்தான் இத்தனை நாளா என் சோத்துல கல்லு."

மதியத்துக்குள் குழாயில் தண்ணீர் கொட்டியது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். கூரை போட்டு முடித்ததும் அக்கரைக்காரர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிப் போனார்கள். சில வாரங்களில் மறுபடி வால்வில் மணல் சிக்கியது. நர்ஸ் தையல்காரியைப் பார்த்தாள். தையல்காரி ஒரு குடத்தோடு வந்து சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மறுபடியும் போய்க் கேட்டா என்ன?"

"போன தடவை வந்தவங்களுக்காகக் கேட்டோம் சிஸ்டர். இப்ப நாம மட்டும்தானே. சமாளிச்சுக்கலாம்."

அப்போதுதான் நர்ஸுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தனக்காகக் கேட்க ஒருவன் கூசலாம். தன் வீட்டுக்கு வந்தவர்களுக்காகக் கேட்க யாரும் கூசுவதில்லை. அன்று அக்கரைக்காரர்கள் வாசலில் வந்து நின்ற நிமிஷத்தில், இவர்கள் விருந்தாளி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்காரர் வேலையை எடுத்துக்கொண்டார்கள். அது வீடு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெரிய டாக்டர் ஜீப்பில் வந்து இறங்கியபோது சுவரோரக் குடங்களைத்தான் முதலில் பார்த்தார். நர்ஸ் மறைக்கவில்லை. முழுதும் சொன்னாள், கடைசியில் தன் யோசனையையும் சொன்னாள்.

"ரெண்டு கரைக்கும் ஒரே தடுப்பூசி நாளா வச்சுடலாம் டாக்டர். ஒரு வாரம் எல்லாரும் அங்க. அடுத்த வாரம் எல்லாரும் இங்க."

"ரெண்டு இடத்துல ஊசி இருக்கும்போது தாய்மாரை எதுக்கு அலைய விடணும்? அலைஞ்சா பம்ப் ஓடுமா?"

"வீட்டுக்கு ஆள் வந்தா ஓடும் டாக்டர்."

பெரிய டாக்டர் சுவரோரக் குடங்களை மறுபடி பார்த்தார். "எங்க வீட்டுல ஃபியூஸ் போன பல்பை மாமியார் வர்ற அன்னைக்குத்தான் மாத்துவேன்" என்றார். பிறகு, "பாலம் முழுகுற மாசங்கள்ல இது நடக்காது. அப்ப அவங்கவங்க கரையிலதான் போடணும். அதை இப்பவே எல்லாருக்கும் சொல்லிடுங்க. மழை வர்ற வரைக்கும் நடத்திப் பாருங்க. பிரசவ அறையை அதுக்கப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

முதல் வாரம் அக்கரையில். இக்கரைப் பெண்கள் பழக்கதோஷத்தில் குடத்தோடு போனார்கள். மைக் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"என்னடி இது? எங்க ஊர்ல தண்ணிக்குப் பஞ்சம்னு ஊரெல்லாம் தண்டோரா போடுறீங்களா? எடுத்துட்டுப் போங்கடி அந்தப் பக்கம்!"

குடங்கள் வாசலிலேயே நின்றன. குழாயில் தண்ணீர் வந்தது. தையல்காரி இரண்டு தடவை கை கழுவிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் இக்கரையில். முந்தின நாளே தையல்காரி வந்து குழாயைத் திறந்து பார்த்தாள். காற்று வந்தது. அவள் நர்ஸிடம்கூடச் சொல்லவில்லை, நேரே பாலத்தில் ஏறிவிட்டாள். போகிற வழியில் மைக் அக்காவின் கடை. "எங்க அவசரமா?" என்று கேட்டதற்கு விஷயத்தைச் சொன்னாள். "நாளைக்கு நாங்க வர்றோம்ல? இரு, நானும் வர்றேன்" என்று மைக் அக்கா கத்தரிக்காய் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்பினாள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றதைப் பற்றி ஃபிட்டர் ராத்திரி அதிகம் சொல்லவில்லை. "என்ஜினீயர் இன்னைக்கு டீயே வேணாம்னுட்டாரு" என்றான்.

நர்ஸ் கணக்கில் வைத்திராத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. மறுபடி அக்கரை வாரம் வந்தபோது அங்கே காத்திருக்கும் அறையில் மின்விசிறி நின்று போயிருந்தது. கூரையைச் சரிசெய்தபோது நசுங்கிய ஒயர் இப்போது அறுந்திருக்கிறது. குழந்தைகள் வேர்வையில் நனைந்து அழுதன. அக்கரைக்காரர்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இக்கரைப் பெண்கள் வழக்கம்போல் ஓரமாக இருந்தார்கள். தையல்காரி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த ஃபேன் எத்தனை நாளா ஓடல? புள்ளைங்க அவிஞ்சு போகுதுங்க, ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா?"

அடுத்த வீட்டில் சாப்பிடும்போது உப்பு இல்லை என்று சொல்லியாயிற்று. தையல்காரியே தன் குரலைக் கேட்டுப் பயந்த மாதிரி நின்றாள். எல்லாரும் மைக் அக்காவைப் பார்த்தார்கள்.

மைக் அக்கா தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு தையல்காரியைப் பார்த்தாள்.

"நானும் மூணு நாளா பாக்குறேன், மறந்து மறந்து போகுது. நல்லவேளை கேட்ட! வாடி, கரண்ட் ஆபீஸுக்குப் போலாம். மெதுவா நட, உனக்காக ஆபீஸ் எங்கயும் ஓடிடாது."

மழை அந்த வருஷம் கொஞ்சம் முன்னாலேயே வந்தது. பாலம் முழுகிய மூன்றாம் நாள் தையல்காரிக்கு வலி கண்டது. அவள் புருஷனும் அக்காவும் குடையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அக்கா பயத்தில் ஒரு குடம் தண்ணீரும் தூக்கி வந்திருந்தாள். தையல்காரி வலிக்கு நடுவில், "அதை ஏன் சுமந்துட்டு வர்ற? நம்ம குழாய்ல தண்ணி வருது" என்று அக்காவைத் திட்டினாள். பாலம் முழுகுவதற்கு முன்பே வந்து நிலையத்திலேயே தங்கிவிட்டிருந்த நர்ஸ் குழாயைத் திறந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிரசவம் சிக்கலில்லாமல் நடந்தது. பெண் குழந்தை. அழுகை பலமாக இருந்தது. ஆற்றின் இரைச்சல் மட்டும் இல்லாவிட்டால் அக்கரைக்கே கேட்டிருக்கும் என்று தையல்காரியின் புருஷன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மழை விட்டதும் பெரிய டாக்டர் வந்தார். பிரசவ மேஜை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கிளம்பும்போது குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டதை நர்ஸ் கவனித்தாள்.

இப்போது அங்கே நடைமுறை இதுதான். தடுப்பூசி நாள் ஒரு வாரம் அக்கரையில், மறுவாரம் இக்கரையில். இரண்டு கரைக் குழந்தைகளும் சேர்ந்தே வர வேண்டும். பாலம் முழுகியிருக்கும்போது மட்டும் அவரவர் கரையில். எங்கே முறை வருகிறதோ, அந்தக் கரைக்காரர்கள் முந்தின நாள் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் வராவிட்டால் அன்றே இரண்டு கரையிலிருந்தும் ஆள் சேர்ந்து அலுவலகத்துக்குப் போகிறார்கள். மறுநாள் காலை முதல் வண்டி வந்துவிடுகிறது.